ஆறு வினாக்களும் ஒரு கடற்பயணமும்

1883ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள். கல்கத்தாவை அடுத்துள்ள செராம்பூரில், ஹூக்ளி ஆற்றங்கரைக் கல்லூரியின் மண்டபத்தில் இந்தியரும் ஐரோப்பியரும் திரளாகக் கூடியிருந்தனர். அவர்கள் முன் பேச எழுந்தவர், பதினெட்டு வயது நிறைவதற்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்த ஒரு மராத்தியப் பெண். மருத்துவம் பயில அமெரிக்கா செல்லப் போவதாக அவர் அறிவித்திருந்தார். இந்துக் குடும்பப் பெண்ணொருத்தி கணவன் துணையின்றிக் கடல் கடப்பது அந்நாளில் கேள்விப்படாத செய்தி. ஊரார் அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்டனர், உறவினர் மடல் எழுதிக் கேட்டனர், பழித்தவரும் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதை விட, எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுவது நன்று என்று அவர் கருதினார். தம்மிடம் கேட்கப்பட்டவற்றை ஆறு வினாக்களாகத் தொகுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக விடையளித்தார். அவர்தாம் ஆனந்திபாய் ஜோஷி.

யமுனா ஆனந்தியான கதை

1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. பம்பாயை அடுத்த கல்யாண் நகரில், ஒருகாலத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்து பின்னர் வளம் குன்றிய குடும்பம் அவருடையது. ஒன்பதாம் வயதில் கோபால்ராவ் ஜோஷி என்பவருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். மணமகன் அஞ்சல் துறை எழுத்தர், மனைவியை இழந்தவர், மணமகளை விட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். மணத்திற்குப் பின் சிறுமியின் பெயர் ஆனந்தி ஆயிற்று.

கோபால்ராவைப் பற்றி எழுதுவது எளிதன்று. மனைவி கல்வி கற்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் அக்காலத்து ஆடவர் எவரிடமும் காணக் கிடைக்காதது. பிற வீடுகளில் பெண் புத்தகத்தைத் தொட்டால் அடி விழுந்தது. அவர் வீட்டிலோ புத்தகத்தை விட்டு அடுக்களைக்குப் போனால் அடி விழுந்தது. பத்து வயதில் பட்ட அடிகளையும், பின்னர்த் தம்மீது வீசப்பட்ட பொருள்களையும், விட்டுப் பிரிந்துவிடுவதாகக் கணவர் அச்சுறுத்தியதையும் ஆனந்திபாய் பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து அவருக்கே எழுதிய மடலில் மறைக்காமல் நினைவூட்டினார். தம் கல்விக்கு அவரே காரணர் என்பதையும் மறுக்கவில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒன்றையொன்று மறைக்காதவாறு வைத்துக்கொண்டே இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண்மகவை ஈன்றார். அக்குழந்தை பத்தே நாள்கள் உயிரோடிருந்தது. தக்க மருத்துவம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அந்த இளந்தாயின் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. அந்நாளில் ஆண் மருத்துவர் முன் உடலைக் காட்ட நாணி, நோயோடு கிடந்து மாய்ந்த பெண்கள் பலர். பேறுகாலத்தில் உதவ வந்தவர்களோ முறையான பயிற்சி இல்லாதவர்கள். பெண்களுக்குப் பெண்ணே மருத்துவராக வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தது நூல்களைப் படித்தன்று. தம் வீட்டுத் தொட்டிலைப் பார்த்து.

ஒரு மடல் சென்ற வழி

இதற்குச் சற்று முன்பே, கோல்ஹாபூரில் பணியாற்றியபோது, மனைவியின் உயர்கல்விக்கு அமெரிக்காவில் உதவி கிட்டுமா என்று வினவிக் கோபால்ராவ் மடல் எழுதியிருந்தார். அது வைல்டர் என்னும் சமயப் பரப்பாளரிடம் சென்றது. அவர் அமெரிக்காவில் தாம் நடத்திய இதழில் அம்மடலை அச்சிட்டதோடு, கிறித்தவ சமயத்தைத் தழுவினால் வழி பிறக்கும் என்னும் கருத்தமைந்த மறுமொழியையும் சேர்த்து வெளியிட்டார். ஜோஷி இணையர் அதற்கு இசையவில்லை. முயற்சி அத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டும்.

ஆயின், 1880ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்து ரோசெல் என்னும் ஊரைச் சேர்ந்த தியோடீசியா கார்ப்பென்டர் என்னும் அம்மையார், பல் மருத்துவரைக் காணச் சென்று காத்திருந்த வேளையில், அங்கே கிடந்த பழைய இதழொன்றைப் புரட்டினார். அதில் அம்மடல் இருந்தது. முன்பின் அறியாத அந்த இந்தியப் பெண்ணுக்குத் தாமே மடல் எழுதினார். கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று, மூன்றாண்டுகள் நீடித்தது. ஆனந்திபாய் அவரைத் தம் தாயின் உடன்பிறந்தாளாகவே பாவித்து உறவுமுறை சொல்லி எழுதினார். தலைவலி, அடிக்கடி காய்ச்சல், தளர்ச்சி, சில வேளைகளில் மூச்சுத் திணறல் எனத் தம்மை வருத்திய உடல்நலக் குறைவுகளையும் மடல்களில் குறிப்பிட்டார். அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்துகள் அனுப்பினார். அவற்றால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. இச்செய்தியை இங்கே நினைவில் நிறுத்துவோம். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

செராம்பூர் மண்டபத்தில்

இனி, அந்த ஆறு வினாக்களைக் காண்போம்.

ஏன் அமெரிக்கா செல்ல வேண்டும் என்பது முதல் வினா. மருத்துவம் பயில என்பதே விடை. நாட்டில் பல துறைகளுக்கும் ஆள்கள் தேவை. ஆயினும் பெண் மருத்துவரின் தேவையே மிகுதி என்றும், அத்தேவையை நிறைவு செய்யத் தம்மை ஒப்படைப்பதாகவும் அவர் கூறினார்.

இந்தியாவிலேயே பயில வழியில்லையா என்பது இரண்டாவது. இது நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய வினா. ஏனெனில் வழி அடியோடு இல்லாமல் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பெண்களுக்குத் தன் கதவைத் திறந்திருந்தது. ஆனந்திபாய் சென்னையை மறந்துவிடவில்லை. தம் உரையில் அதனைக் குறிப்பிட்டார். பிற மாகாணங்களில் பேறுகால உதவிக்கான வகுப்புகள் நடப்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே பெண்களுக்கு அளிக்கப்படும் கல்வி முழுமையானதன்று என்றும், கற்பிக்கும் ஆடவர் பலர் பெண் மாணவரை மனமுவந்து ஏற்பதில்லை என்றும் அவர் கருதினார். சென்னையில் பயின்ற ஷார்லீப் அம்மையாரே பின்னர் லண்டன் சென்று பட்டம் பெற்றார் என்பதை எண்ணும்போது, இவ்விடை வெறும் சாக்கு அன்று என்பது விளங்கும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியோ பெண்களைச் சேர்க்க இன்னும் இசைந்திருக்கவில்லை. ஆனந்திபாய் கப்பலேறிய அதே 1883ஆம் ஆண்டில்தான் அங்கே தடை நீங்கியது. சில திங்கள் பொறுத்திருந்தால் பயணமே வேண்டியிருந்திராதோ என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்று முடிவெடுக்க வேண்டியிருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

தெருவில் நடந்து சென்று கல்வி பயில்வதில் உள்ள இடரையும் அவர் அவையோருக்கு எடுத்துரைத்தார். வங்கத்தில் புடவையும் காலணியும் அணிந்து பகலில் வெளியே நடந்தபோது தாம் பட்ட ஏளனங்களைச் சொன்னார். வெளிநாட்டில் ஆபத்து உண்டு என்று எச்சரித்தவர்கள், உள்நாட்டுத் தெருவில் அன்றாடம் நேர்வதை எண்ணிப் பார்த்ததில்லை என்பது அதன் உட்பொருள்.

தனியே ஏன் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது. இருவரும் சேர்ந்தே செல்வதாகத்தான் முதலில் எண்ணியிருந்தனர். இருவருக்குப் போதிய பணமில்லை. அதனினும் மேலாக, கோபால்ராவை நம்பி முதியோரும் இளையோருமாக ஒரு குடும்பம் இருந்தது. தாம் ஒருவர் பயில்வதற்காக அத்தனை பேர் பட்டினி கிடப்பது முறையாகாது என்று விடையளித்தார். கணக்கு எளியது, ஆனால் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் அக்கணக்கு இறக்கிவைத்த சுமை எளியதன்று.

நான்காவது, அவையோர் பெரிதும் எதிர்பார்த்த வினா. திரும்பி வந்தால் சாதியினர் விலக்கி வைக்க மாட்டார்களா? கடல் கடந்தவர் தூய்மை இழந்தவர் என்ற நம்பிக்கை வலுவாக இருந்த காலம் அது. கழுவாய் செய்தபின் ஆடவரை ஏற்றுக்கொண்டதுண்டு; பெண்ணுக்கு அவ்வாறு நேரும் என்று சொல்ல முன்னெடுத்துக்காட்டே இல்லை. ஆனந்திபாய் அஞ்சவில்லை. இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன், உணவையும் உடையையும் மாற்ற மாட்டேன் என்று அறிவித்தார். விலக்க விரும்புவோர் இப்போதே விலக்கட்டும், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்றும் கூறினார். தம் இனத்தார் அருகில் இல்லாத வங்கத்தில் தாம் எப்படி வாழ்கிறோம் என்பதை எவரும் சோதித்துப் பார்த்ததில்லையே, அமெரிக்கா மட்டும் எவ்வாறு வேறாகும் என்று அவர் கேட்டபோது, எதிர்வாதம் செய்ய வந்தவருக்கும் சொல் எழுந்திராது.

இன்னல் நேர்ந்தால் என்ன செய்வாய் என்பது ஐந்தாவது. இதற்கு அவர் அளித்த விடை மற்றவற்றினும் வேறுபட்டது. துன்பங்கள் நேர்வதை விட அஞ்சப்படுவதே மிகுதி. சாவும் துயரும் பயணம் செய்வோரையும் வீட்டில் இருப்போரையும் ஒருபோலவே அடைகின்றன. துணிந்த செயல் நன்றாய் முடிந்தால் உலகம் அதை ஊக்கம் எனப் பாராட்டும், தீதாய் முடிந்தால் அதையே பேதைமை எனப் பழிக்கும் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். ஆழ்ந்த விடைதான். ஆனால் கூர்ந்து நோக்கினால், மற்ற நான்கு விடைகளிலும் பணம், தெரு, மாமியார் வீடு, சாதி என்று கையால் தொட்டுக் காட்டிய ஆனந்திபாய், இங்கு மட்டும் பொதுமையில் நின்றுவிட்டார் என்பது புலனாகும். தலைவலியும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இவ்விடையில் இடம்பெறவில்லை. எடைபோட்டவற்றுள் எடை குறைவாக மதிப்பிடப்பட்டது அவருடைய உடல்.

எந்தப் பெண்ணும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்பது கடைசி வினா. சமுதாயத்திற்கு ஒவ்வொருவரும் கடன்பட்டவர். எவரும் செய்யாதிருப்பதே செய்யாமலிருப்பதற்குக் காரணமாகிவிடாது என்பதாக அவர் விடை அமைந்தது.

கடலும் குளிரும்

தந்தை வீட்டார் அணிவித்த நகைகள் விற்கப்பட்டன. ஏப்ரல் 7ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து கப்பல் புறப்பட்டது. உடன் வந்த அமெரிக்கப் பெண்டிர் அறிமுகமானவர்களே தவிர உற்றார் அல்லர். புலால் உண்ணாதவருக்கு அக்கப்பலில் உண்ணத்தக்கது அரிதாகவே கிடைத்தது. இடையிடையே சமயம் மாறும்படி வற்புறுத்தலும் நிகழ்ந்தது. அவர் எதற்கும் நெகிழவில்லை. ஏறத்தாழ எட்டு வாரங்களுக்குப் பின், ஜூன் 4ஆம் நாள் நியூயார்க் துறையில் இறங்கியபோது, மடலில் மட்டுமே கண்டிருந்த கார்ப்பென்டர் அம்மையார் அவரை எதிர்கொண்டு அழைத்துச் சென்றார். ரோசெலில் அக்குடும்பத்தோடு கழித்த அந்தக் கோடைத் திங்கள்களே ஆனந்திபாயின் வாழ்வில் அச்சமின்றிச் சிரித்த காலம் எனலாம்.

பிலடெல்பியா நகரில் 1850ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி ஒன்று இருந்தது. அதற்கு அவர் விண்ணப்பித்தார். நுழைவுக்கு வேண்டிய தகுதிகள் அனைத்தும் தம்மிடம் இல்லாதிருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு, நண்பரும் சாதியாரும் ஒருசேர எதிர்த்தபோதும் இவ்வளவு தொலைவு வரச்செய்த உறுதியைத் தகுதியாகக் கொள்ளுமாறு எழுதினார். கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லி அம்மையார் அவரை ஏற்றுக்கொண்டதோடு கல்வி உதவித்தொகைக்கும் வழி செய்தார். 1883 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின.

பாடங்கள் கடினமாக இருந்தன. ஆனால் அவரை வருத்தியவை பாடங்கள் அல்ல. பிலடெல்பியாவின் குளிர்காலத்தைக் கல்யாணிலும் கல்கத்தாவிலும் வளர்ந்த உடல் அறிந்ததில்லை. மராத்தியப் பெண்கள் உடுத்தும் ஒன்பது கஜப் புடவை இடையையும் கணுக்காலுக்கு மேற்பகுதியையும் குளிருக்குத் திறந்துவிடும். உடையை மாற்றேன் என்று அவையில் சொல்லிவிட்டு வந்தவர் அவர். பின்னர்க் குளிர் தாங்கும் பொருட்டுக் குசராத்தி முறையில் புடவை உடுத்தத் தொடங்கினார். அதுவே அவர் செய்துகொண்ட பெரிய விட்டுக்கொடுத்தல். உணவில் அதுவும் இல்லை. புலால் மிகுந்த ஊரில், கிடைத்த காய்களையும் தானியங்களையும் தாமே சமைத்து உண்டு, பகலெல்லாம் கல்லூரியிலும் இரவெல்லாம் நூல்களோடும் கழித்தார். சொல்லைக் காத்ததற்காக அவரைப் போற்றுகிறோம். மருத்துவம் பயிலும் ஒருவர் தம் உடலுக்கு இத்துணைக் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டுமா என்று கேட்பதும் பொருத்தமே. ஆனால் அவர் சிறிது நெகிழ்ந்திருந்தாலும், இந்துப் பெண் வெளிநாடு சென்றால் கெட்டுவிடுவாள் என்று காத்திருந்தோருக்கு அதுவே சான்றாகியிருக்கும். அடுத்துப் பயணப்பட இருந்த பெண்களின் வழி அடைபட்டிருக்கும். அவர் தம் ஒருவருக்காக மட்டும் உண்ணவில்லை, உடுக்கவில்லை.

1885ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று இன்றும் உள்ளது. அதில் புடவையணிந்த ஆனந்திபாயும், சப்பானிய உடையில் கெய் ஒகாமியும், சிரியா நாட்டு உடையில் சபாத் இசுலாம்பூலியும் அருகருகே அமர்ந்துள்ளனர். மூவரும் ஒரே கல்லூரி மாணவியர். மூவரும் தத்தம் நாட்டிலிருந்து முதலாவதாகப் புறப்பட்டவர்கள். பிலடெல்பியாவின் பிற மாணவியர் கல்லூரி முடிந்ததும் வீடு திரும்பினர். இம்மூவருக்கும் வீடு திரும்புதல் ஒரு கண்டத்தைக் கடப்பதாக இருந்தது.

அவ்வாண்டிலேயே கோபால்ராவும் அமெரிக்கா வந்து சேர்ந்தார். 1886ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஆனந்திபாய் மருத்துவப் பட்டம் பெற்றார். பண்டைய இந்துக்களின் மகப்பேற்று மருத்துவமே அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள். பட்டமளிப்பைக் காண இங்கிலாந்திலிருந்து பண்டித ரமாபாய் கடல் கடந்து வந்திருந்தார். விக்டோரியா அரசியாரிடமிருந்து பாராட்டு மடல் வந்தது. கோல்ஹாபூர் அரசு, அங்குள்ள ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பேற்க அவரை அழைத்தது. அவர் இசைந்தார். பத்து நாள் வாழ்ந்த மகவுக்குக் கிடைக்காத மருத்துவம், இனிப் பிற தாய்மாருக்குக் கிடைக்கவிருந்தது.

திரும்புதல்

அதற்குள் காசநோய் அவரை முழுமையாகப் பற்றிக்கொண்டது. நோயோடு கப்பலேறி, 1886 நவம்பரில் பம்பாய் வந்திறங்கினார். எதிர்பார்க்கப்பட்ட இழிமொழிகள் எழவில்லை. கடல் கடந்த பெண்ணைச் சாதியினர் விலக்கி வைக்கவில்லை, மாறாக வரவேற்றனர். புனேயில் வைதிகர் வீட்டுப் பெண்களும் அவரைக் காண வந்தனர். செராம்பூரில் அவையோரை நடுங்கச் செய்த நான்காவது வினா, ஒரு மாலைப் பொழுதில் ஒன்றுமில்லாததாயிற்று. ஐந்தாவது வினாதான் எஞ்சியிருந்தது.

நாட்டு மருத்துவம் செய்து பார்த்தனர். கோல்ஹாபூர் மருத்துவமனைக்கு அவர் செல்லவே இயலவில்லை. 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், இருபத்திரண்டு வயது நிறைவதற்கு ஒரு திங்களுக்கும் சற்று மிகுந்த நாள்கள் இருந்தபோது, புனேயில் ஆனந்திபாய் இயற்கை எய்தினார். பட்டம் பெற்று ஓராண்டும் முடியவில்லை. மருத்துவராய் அமர்ந்து ஒரு நோயாளியைக்கூட அவர் தம் நாட்டில் காணவில்லை.

பயணம் பேதைமை என்று சொல்ல இப்போது எளிது. அவ்வாறு சொல்லப்படும் என்பதை அவரே முன்னரே உரைத்துவிட்டார். காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை ராபர்ட் கோக் கண்டறிந்து வெளியிட்டது 1882இல், அதாவது அவர் கப்பலேறுவதற்கு ஓராண்டு முன். அந்நோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைக்க 1943ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வீட்டை விட்டு வெளியே போகாத பெண்களும் அந்நோயால் இறந்தனர். குளிரும் பட்டினியும் அவர் முடிவை விரைவுபடுத்தியிருக்கலாம். வீட்டிலிருந்தால் பிழைத்திருப்பார் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும், அனுப்பிவைத்தவரும் அழைத்துக்கொண்டவரும் பாராட்டியவரும், அப்பெண்ணின் இருமலைச் சற்று முன்னரே செவிமடுத்திருக்கலாம் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எழாமல் இராது.

அவருடைய சாம்பலின் ஒரு பகுதியைக் கோபால்ராவ் கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார். அம்மையார் அதனை நியூயார்க் மாநிலத்துப் போகீப்சி நகரில் தம் குடும்பத்தார் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, ஒரு கல்லை நாட்டினார். கல்வி தேடி இந்தியாவை விட்டுச் சென்ற அந்தணப் பெண்களுள் முதல்வர் என்னும் செய்தி அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.